விண்ட் ஆஃப் சேஞ்ச்: ஒரு பாடலும் அதன் ஊர்ப்பெயர்களும்

‘விண்ட் ஆஃப் சேஞ்ச்’ (மாற்றத்தின் காற்று) ஜெர்மனியின் ஹானோவர் நகரைச் சேர்ந்த ஸ்கார்பியன்ஸ் என்னும் ராக் இசைக்குழுவின் பாடல். குழுவின் பாடகர் கிளாவுஸ் மைனே இதை 1989 செப்டம்பரில் எழுதி, மெட்டும் அமைத்தார். 1990 நவம்பரில் வெளியான ‘கிரேஸி வேர்ல்ட்’ இசைத்தொகுப்பில் இடம்பெற்றது. 1991 ஜனவரியில் தனிப்பாடலாக வெளிவந்தது. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடம், பிரிட்டனில் இரண்டாமிடம், அமெரிக்காவில் நான்காமிடம் பெற்றது. பனிப்போர் முடிந்த காலத்தைப் பற்றிய ஆவணப்படம் எதைப் பார்த்தாலும் இப்பாடலின் தொடக்கத்தில் வரும் விசில் ஒலி எங்காவது கேட்கும்.

பெர்லின் சுவர் இடிந்ததைப் பற்றிய பாடல் என்றே பலரும் இதை நினைக்கிறார்கள். அது சரியல்ல. இப்பாடலை ஓர் அமெரிக்க உளவு நிறுவனம் எழுதிக்கொடுத்தது என்று நம்புகிறவர்களும் உண்டு. அதற்குச் சான்று இல்லை. 2022-ல் மைனே தம் பாடலின் சொற்களைத் தாமே மாற்றினார். அதைப் பாராட்டியவர்கள் பலர். மாற்றியதில் பாடல் எதைப் பெற்றது, எதை இழந்தது என்பதைப் பார்ப்பதற்காகவே இக்கட்டுரை. அதற்கு முதலில் பாடல் பிறந்த கதையை வரிசைப்படி தெரிந்துகொள்ள வேண்டும்.

குழுவும் பாடல் வகையும்

ஸ்கார்பியன்ஸ் குழுவை 1965-ல் கிதார் கலைஞர் ருடால்ஃப் ஷெங்கர் தொடங்கினார். மைனே சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தார். இருவரும் 1948-ல் பிறந்தவர்கள். போரைப் பார்த்திராத, ஆனால் போரின் இடிபாடுகளுக்கிடையே வளர்ந்த தலைமுறை. மேற்கு ஜெர்மானியர்களான இவர்கள் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் பாடினார்கள். வழக்கமாக ஷெங்கர் மெட்டமைப்பார், மைனே சொற்களை எழுதுவார். இந்த ஒரு பாடலில் இரண்டையும் மைனேயே செய்தார்.

இப்பாடல் ‘பவர் பாலட்’ என்ற வகையைச் சேர்ந்தது. இவ்வகைப் பாடல் ஓசை குறைந்த கிதார் அல்லது பியானோவுடன் தாழ்ந்த குரலில் தொடங்கும். பல்லவிக்கு வரும்போது டிரம்ஸும் மின்கிதாரும் சேர்ந்து ஓங்கும். நடுவில் உணர்ச்சி பொங்கும் ஒரு தனிக் கிதார்ப் பகுதி. முடிவில் எல்லாரும் சேர்ந்து பாடக்கூடிய பல்லவி. முரட்டு இசைக்குழுக்கள் வானொலிக்காகச் செய்த மென்மையான பாடல்கள் என்று விமர்சகர்கள் இவற்றை ஏளனம் செய்வதுண்டு. ஏளனத்தில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. 1980-களில் ஒவ்வொரு குழுவும் தன் தொகுப்பில் இப்படி ஒன்றைக் கட்டாயம் வைத்தது. பெரும்பாலும் பிரிந்துபோன காதலிக்கான பாடலாகவே அது இருக்கும். ஸ்கார்பியன்ஸின் 1984-ஆம் ஆண்டுப் பாடலான ‘ஸ்டில் லவ்விங் யூ’ இந்த வகைக்கு எல்லாரும் காட்டும் உதாரணம். காதலர் இருவருக்கிடையே எழுந்த சுவரைப் பற்றி அதில் பேசியவர்கள், அதே வார்ப்பில் இரண்டு நாடுகளைப் பற்றிப் பேசியதுதான் இங்கே புதிது.

லெனின்கிராடு, 1988

1985 மார்ச்சில் மிகயீல் கோர்பச்சேவ் சோவியத் ஆட்சித் தலைமைக்கு வந்தபின் வெளிநாட்டு ராக் குழுக்களுக்குக் கதவு மெல்லத் திறந்தது. அதற்கு முன்னும் அங்கே ராக் இசை இருந்தது, ஒளிந்து இருந்தது. 1950-களில் தடைசெய்யப்பட்ட மேற்கத்திய இசையை மருத்துவமனைகள் தூக்கிப்போட்ட எக்ஸ்ரே தாள்களில் பதித்துக் கேட்டவர்கள் அந்நாட்டு இளைஞர்கள். விலா எலும்புப் படத்தின்மேல் சுழலும் இசைத்தட்டு! அந்த வேட்கையின் பேரப்பிள்ளைகள்தாம் 1988 ஏப்ரலில் லெனின்கிராடில் ஸ்கார்பியன்ஸ் நடத்திய பத்து நிகழ்ச்சிகளையும் நிரப்பியவர்கள். தொடர்ந்து மாஸ்கோவில் நடப்பதாக இருந்த நிகழ்ச்சிகளை அதிகாரிகள் ரத்து செய்தார்கள்.

லெனின்கிராடு என்ற பெயரை ஒரு ஜெர்மானியர் சாதாரணமாக உச்சரிக்க முடியாது. 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை, 872 நாட்கள், ஜெர்மன் படை அந்நகரை முற்றுகையிட்டது. பல இலட்சம் பேர் பசியால் செத்தார்கள். 1988-ல் அரங்கில் நின்ற இளைஞர் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்த முற்றுகையின் நினைவு இருந்திருக்கும். தந்தையர் தலைமுறை டாங்கிகளுடன் போன நாட்டுக்கு நாங்கள் கிதார்களுடன் போனோம் என்ற பொருளில் குழுவினர் பின்னாளில் நேர்காணல்களில் சொன்னதுண்டு. பல முறை சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாசகம்தான். ஆனால் பாடலைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் கிடையாது. பாடலில் ‘சகோதரர்கள்’ என்ற சொல் வருகிறது. ஓர் அமெரிக்கர் சோவியத் மக்களைப் பார்த்து அதைப் பாடியிருந்தால் அது நல்லெண்ணம். முற்றுகையிட்டவர்களின் மகன் பாடும்போது அதில் ஒரு கூச்சம் சேர்ந்துகொள்கிறது. இவ்வளவு நெருங்கி வருவோம் என்று யார் நினைத்தார்கள் என்று அவர் கேள்வியாகத்தான் கேட்கிறார். உறுதியாகச் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை.

மாஸ்கோ, ஆகஸ்ட் 1989

1989 ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் மாஸ்கோவின் லெனின் விளையாட்டரங்கில் ‘மாஸ்கோ இசை அமைதி விழா’ நடந்தது. 1980 ஒலிம்பிக் போட்டிகள் நடந்த அரங்கம் அது. ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்து அமெரிக்காவுடன் மேற்கு ஜெர்மனியும் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து மேற்கு ஜெர்மானியர் அங்கே நுழைந்தது ராக் இசையோடுதான்.

பான் ஜோவி, ஓஸி ஆஸ்பர்ன், மாட்லி க்ரூ, ஸ்கிட் ரோ, சிண்ட்ரெல்லா ஆகிய மேற்கத்தியப் பெயர்களோடு ‘கோர்க்கி பார்க்’ என்ற சோவியத் குழுவும் பாடியது. சோவியத் தரப்பில் முன்னின்றவர் இசைக்கலைஞர் ஸ்டாஸ் நாமின். அமெரிக்கத் தரப்பில் இசைக்குழு மேலாளர் டாக் மெக்கீ. போதைப்பொருள் கடத்தல் வழக்கு ஒன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் மெக்கீ. போதை எதிர்ப்புப் பிரசாரம் என்ற பெயரில் விழா நடந்ததற்குக் காரணம் அதுதான். குடிக்கும் போதைக்கும் பேர்போன குழுக்களைக் கொண்டு போதை எதிர்ப்பு விழா. யார் கடைசியில் மேடையேறுவது என்று குழுக்களுக்குள் சண்டையும் நடந்தது. பெரிய வரலாற்றுத் தருணங்களை உள்ளே புகுந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும் போலும்.

இந்தக் கூச்சலுக்கு நடுவே மைனே பார்த்தவை இரண்டு. முதலாவது, அரங்கில் காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்த படைவீரர்கள். இசை தொடங்கியதும் அவர்கள் மேடைப் பக்கம் திரும்பி, தொப்பிகளை மேலே வீசி, கூட்டத்தோடு கூட்டமாகிவிட்டார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். இரண்டாவது, ஒரு மாலை நேரப் படகுப் பயணம். இசைக்கலைஞர்கள், பத்திரிகையாளர்கள், சோவியத் வீரர்கள் எல்லாரும் ஒரே படகில் மாஸ்க்வா ஆற்றின் வழியாகக் கோர்க்கி பூங்காவுக்குப் போனார்கள். (கோர்க்கி என்றதும் நமக்கு ரகுநாதன் மொழிபெயர்த்த ‘தாய்’ நாவல்தான் நினைவுக்கு வரும். பூங்கா அந்த எழுத்தாளரின் பெயரில் அமைந்ததுதான்.) ஊர் திரும்பிய சில வாரங்களில் மைனே பாடலை எழுதினார்.

அவர் தனிக் கிதார் வாசிப்பவர் அல்லர். மெட்டை அமைக்கும்போது கிதார் வர வேண்டிய இடத்தை விசிலடித்து நிரப்பினார். அதுவே பாடலின் அடையாளமாக நின்றுவிட்டது. இசைத்தட்டு நிறுவனத்தினர் விசிலை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்துப் பார்த்தபோது பாடல் ஏதோ ஒன்றை இழந்ததுபோல் இருந்ததால் மீண்டும் சேர்த்தார்கள் என்பது மைனே சொல்லும் கதை. ஒரு ராக் குழு விசிலடித்துப் பாடலைத் தொடங்குவது அன்றைக்கு விந்தைதான். மேடையில் நிற்கும் நட்சத்திரம் விசிலடிப்பதில்லை. ஆற்றங்கரையில் தனியாக நடப்பவன்தான் விசிலடிப்பான். பாடலின் முதல் காட்சி அதுதானே.

சுவரும் பாடலும்: எது முன்னே?

1989 நவம்பர் 9 இரவு பெர்லின் சுவரின் வாயில்கள் திறந்தன. பாடல் அதற்கு இரண்டு மாதம் முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஆகவே பாடலில் பெர்லின் இல்லை, சுவர் இல்லை, ஜெர்மனியே இல்லை. மறுபுறம், பாடல் உலகின் காதில் விழுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 1990 அக்டோபர் 3-ல் இரு ஜெர்மனிகளும் இணைந்தன, தொகுப்பு வெளியானது அதற்கு ஒரு மாதம் கழித்து. எழுதியது சுவருக்கு முன், கேட்டது சுவருக்குப் பின். இந்த இடைவெளியில்தான் குழப்பம் பிறந்தது. பாடலின் காணொளியில் சுவர் மீது மக்கள் ஏறி நிற்கும் செய்திக் காட்சிகளைச் சேர்த்தார்கள். பாடலைக் காதால் கேட்டவர்களைவிடத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அதிகம். அவர்களின் நினைவில் சுவரும் விசிலும் ஒட்டிக்கொண்டன.

மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு படைப்பு எதைப் பற்றியது என்பதை அதன் சொற்களிலிருந்து அறிவதற்கு முன்பாகவே அதனோடு காட்டப்பட்ட படங்களிலிருந்து நாம் முடிவு செய்துவிடுகிறோம்.

1991 கோடையில் பாடல் அமெரிக்கப் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தபோது, ஆகஸ்ட் 19 அன்று மாஸ்கோவில் கோர்பச்சேவுக்கு எதிரான ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தொடங்கியது. பாடலில் குறிப்பிடப்படும் அதே ஆகஸ்ட் மாதம், அதே நகரம். டாங்கிகள் தெருவுக்கு வந்தன. மூன்று நாட்களில் முயற்சி தோற்றது. அந்தத் தற்செயல் பாடலுக்கு இன்னொரு பொருளைக் கொடுத்தது. பாடலின் ரஷ்ய வடிவமும் வெளிவந்தது.

1991 டிசம்பர் 14-ல் குழுவினர் கிரெம்ளின் மாளிகையில் கோர்பச்சேவைச் சந்தித்தார்கள். இந்தச் சந்திப்பைப் பாடலின் வெற்றிக்கு மகுடம் என்று எழுதுவார்கள். தேதியைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். டிசம்பர் 1-ல் உக்ரைன் மக்கள் வாக்கெடுப்பில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தனிநாட்டை ஆதரித்தனர். டிசம்பர் 8-ல் ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் தலைவர்கள் சோவியத் ஒன்றியம் இனி இல்லை என்று கையெழுத்திட்டார்கள். ஆறு நாள் கழித்து நடந்த சந்திப்பில் இருந்தவர், கையிலிருந்த நாடு ஏறத்தாழ கரைந்துபோன ஒரு தலைவர். டிசம்பர் 25-ல் பதவி விலகினார். படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

சொற்களின் தரம்

இனி பாடலைப் பாடலாகவே பார்ப்போம். இதன் ஆங்கிலம் எளிமையானது. ஆங்கிலப் பாடம் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன், பத்தாம் வகுப்பு மாணவர் முதல் முறை கேட்கும்போதே முக்கால்வாசி புரிந்துவிடும். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர் எழுதியது, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத கோடிக்கணக்கானோர் பாடியது. பாடல் பரவியதற்கு இது பெரிய காரணம்.

ஆனால் எல்லா அடிகளும் ஒரே தரத்தில் இல்லை. பாடலைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு வகைச் சொற்கள் கிடைக்கின்றன. ஒரு வகை, கண்ணால் கண்டவை: மாஸ்க்வா ஆறு, கோர்க்கி பூங்கா, ஆகஸ்ட் மாதத்துக் கோடை இரவு, நடந்து போகும் படைவீரர்கள், ரஷ்ய நரம்பிசைக் கருவியான பலலைக்கா. இன்னொரு வகை, எந்தப் பாட்டிலும் வரக்கூடியவை: காற்று, புயல், சுதந்திர மணி, நாளைய குழந்தைகள், மாயம் நிறைந்த தருணம். ‘மாற்றத்தின் காற்று’ என்ற தொடரே புதிதல்ல. பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் மேக்மில்லன் 1960 பிப்ரவரி 3-ல் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை அந்தப் பெயரால்தான் அறியப்படுகிறது. ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலையைக் குறிக்க அவர் எடுத்த உருவகம் முப்பது ஆண்டுகளில் மேடைப்பேச்சுச் சரக்காகிவிட்டிருந்தது.

காற்று என்ற உருவகத்தில் இன்னொரு குறையும் உண்டு. காற்றை யாரும் வீசச் செய்வதில்லை, அது தானாக வீசும். தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் செய்த போலந்துத் தொழிலாளியும், லைப்சிக் தெருக்களில் மெழுகுவர்த்தியோடு திங்கட்கிழமை தோறும் நடந்த கிழக்கு ஜெர்மானியரும் அந்த உருவகத்துக்குள் வரமாட்டார்கள். மாற்றத்தைச் செய்தவர்கள் மறைந்து, மாற்றம் மட்டும் பருவநிலைபோல வந்து சேர்கிறது.

இதை விளங்கிக்கொள்ள சோவியத் நாட்டுக்குள்ளேயே பிறந்த ஒரு பாடலைப் பக்கத்தில் வைக்கலாம். லெனின்கிராடைச் சேர்ந்த ‘கினோ’ குழுவின் விக்தர் த்சோய் பாடிய ‘பெரெமென்’ அது. 1987-ஆம் ஆண்டுத் திரைப்படமான ‘ஆஸ்ஸா’வின் இறுதிக் காட்சியில் வந்து நாடெங்கும் பரவியது. தலைப்பின் பொருள் ‘மாற்றங்கள்’. அங்கே மாற்றம் என்பது ஓர் உரிமைக்குரல், சமையலறையில் சிகரெட்டும் தேநீருமாக உட்கார்ந்திருக்கும் சாதாரண மனிதர்களின் குரல். ஸ்கார்பியன்ஸ் பாடலின் ரஷ்யத் தலைப்பு ‘வேத்தெர் பெரெமென்’. அதே சொல்தான், முன்னால் ஒரு காற்று சேர்ந்திருக்கிறது. த்சோய் 1990 ஆகஸ்டில் கார் விபத்தில் இறந்தார், அப்போது வயது 28. முப்பது ஆண்டுகள் கழித்து 2020-ல் பெலாரஸ் நாட்டில் தேர்தல் முறைகேட்டை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் பாடியது த்சோயின் பாடலை. ஸ்கார்பியன்ஸ் பாடல் நினைவு விழாக்களில் ஒலிக்கிறது, த்சோயின் பாடல் போராட்டங்களில் ஒலிக்கிறது.

இதனால் மைனேயின் பாடல் மட்டமானது என்று சொல்ல வரவில்லை. அதன் பலம் வேறிடத்தில் இருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. உரிப்பொருளாகிய உணர்வு அவற்றின் மேல்தான் நிற்கும். இந்த அளவுகோலை நமக்குத் தொடர்பே இல்லாத ஒரு ராக் பாடலில் வைத்துப் பார்த்தாலும் அது பொருந்துகிறது. ஓர் ஆறு, ஒரு பூங்கா, ஓர் ஆகஸ்ட் இரவு. நிலமும் பொழுதும் இவ்வளவு துல்லியமாக இருப்பதால்தான் பின்னால் வரும் தேய்ந்த உருவகங்களையும் நாம் மன்னித்துக் கேட்கிறோம். இந்த மனிதர் அங்கே போயிருக்கிறார், அந்தத் தண்ணீரைப் பார்த்திருக்கிறார் என்ற நம்பிக்கை முதல் அடிகளிலேயே கிடைத்துவிடுகிறது. அப்புறம் அவர் காற்று என்றாலும் மணி என்றாலும் காது கொடுக்கிறோம்.

உளவு நிறுவனக் கதை

2020-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் பேட்ரிக் ராடன் கீஃப் இப்பாடலின் பெயரிலேயே எட்டுப் பகுதிகள் கொண்ட ஒலித்தொடர் ஒன்றை வெளியிட்டார். பாடலை எழுதியது அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. என்று நண்பர் ஒருவர் வழியாகத் தாம் கேள்விப்பட்டதைத் துருவிக்கொண்டு போகும் தொடர் அது. இறுதியில் மைனேயிடமே கேட்கிறார். மைனே சிரித்து மறுக்கிறார். தொடர் எதையும் நிரூபிக்கவில்லை, நிரூபித்ததாகச் சொல்லவும் இல்லை. கேட்டவர்களில் பலர்தான் அதை முடிந்த உண்மையாக்கிவிட்டார்கள்.

இப்படி ஒரு சந்தேகம் எழுவதற்கு வரலாற்றில் இடம் உண்டு. பாஸ்டர்நாக்கின் ‘டாக்டர் ஷிவாகோ’ நாவலை 1958-ல் ரஷ்ய மொழியில் அச்சிட்டு சோவியத் வாசகர்களிடம் சேர்ப்பித்ததில் சி.ஐ.ஏ.வின் கை இருந்தது. இலக்கிய இதழ்களுக்கு மறைமுகமாகப் பணம் கொடுத்ததும் வெளிவந்த செய்தி. ஆனால் அச்சிட்டுக் கொடுப்பது வேறு, எழுதுவது வேறு. ஷிவாகோவைச் சி.ஐ.ஏ. எழுதவில்லை.

பாடலுக்குள்ளேயே இருக்கும் சான்றையும் பார்க்கலாம். பிரசாரத்துக்காக எழுதப்பட்ட பாடல் என்றால் யாருக்கு எதிராகவோ இருக்க வேண்டும். இதில் எதிரி இல்லை. கட்சியைப் பற்றியோ தணிக்கையைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது. சோவியத் வீரர்கள்கூட அன்போடுதான் வருகிறார்கள். சுவர் திறந்து ஓராண்டு கழித்துத்தான் பாடல் கடைக்கு வந்தது. ஆயுதம் என்றால் தாமதமாக வந்த ஆயுதம். சோவியத் ஒன்றியம் அப்போதும் நின்றுகொண்டிருந்ததே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். அதற்காகப் பாடகரின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்க வேண்டியதில்லை. எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது வேறொன்று. எளிய மொழியில் ஒரு ராக் பாடகர் எழுதிய பாட்டு இத்தனை பேரைத் தொட்டது என்றால், அதற்குப் பின்னால் புத்திசாலிகள் யாரோ இருந்தாக வேண்டும் என்ற நினைப்பு. வரலாற்றை வல்லவர்கள் மட்டுமே இயக்குகிறார்கள் என்று நம்புகிறவர்களுக்கு, ஒருவர் படகில் போய்விட்டு வந்து விசிலடித்தார் என்பது போதவில்லை.

2022: பாடகர் திருத்துகிறார்

2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. அடுத்த மாதம் லாஸ் வேகாஸ் நகரில் தொடங்கிய நிகழ்ச்சிகளில் மைனே பாடலின் தொடக்க அடிகளை மாற்றிப் பாடினார். மாஸ்க்வா ஆறும் கோர்க்கி பூங்காவும் வெளியேறின. அவற்றின் இடத்தில், தம் இதயம் உக்ரைன் பெயரைச் சொல்கிறது, காற்று மாறுவதற்காகக் காத்திருக்கிறது என்ற கருத்து வந்தது. ரஷ்யாவை அழகுபடுத்திப் பாடும் காலம் இதுவல்ல என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். அதன்பின் மேடைகளில் இந்த வடிவத்தையே பாடிவந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 30-ல் கோர்பச்சேவ் காலமானார்.

அவருடைய சங்கடம் புரிகிறது. குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போது, குண்டு போட உத்தரவிட்ட தலைநகரின் ஆற்றங்கரையை இனிமையாகப் பாட எந்த மனச்சாட்சியுள்ள மனிதருக்கும் நா எழாது. பார்வையாளர்களில் உக்ரைன்காரர் ஒருவர் இருந்தால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1989-ல் மேற்கத்தியர்களுக்கு சோவியத் நாடு என்றால் மாஸ்கோதான். கீவ் அவர்கள் வரைபடத்தில் தனியாகத் தெரியவில்லை. பழைய பாடலில் இல்லாத ஒரு பெயர் 2022-ல் உள்ளே வந்தது. அந்த வகையில் திருத்தம் ஒரு விடுபடலை நிரப்பியது.

ஆனாலும், மாற்றியது எந்த அடிகளை என்று பாருங்கள். சுதந்திர மணி அப்படியே இருக்கிறது, நாளைய குழந்தைகள் அப்படியே இருக்கிறார்கள். எந்தப் பாட்டிலும் வரக்கூடியவை எல்லாம் தங்கிவிட்டன. அவர் கால் பட்ட இடங்கள் போய்விட்டன. உக்ரைன் என்பதும் ஊர்ப்பெயர்தானே என்று கேட்கலாம். மாஸ்க்வா அவர் பார்த்த தண்ணீர். உக்ரைன் இங்கே அவர் ஆதரிக்கும் ஒரு தரப்பு. ஒன்று காட்சி, மற்றது நிலைப்பாடு. நிலைப்பாடு சரியானதாகவே இருக்கட்டும், முதற்பொருள் வேலையை அதனால் செய்ய முடியாது. வினைச்சொல்லும் மாறியிருக்கிறது. முன்பு அவர் காற்றைக் கேட்டுக்கொண்டு நடந்தார். இப்போது காற்றுக்காகக் காத்திருக்கிறார். மாற்றத்தில் எனக்குப் பிடித்த ஒரே இடம் இதுதான். வீசும் என்று நம்பியது வீசாமல் நின்றுபோனதை ஒற்றை வினைச்சொல்லில் சொல்லிவிடுகிறது.

பழைய அடிகள் பொய்யாகிவிட்டனவா என்பதே கேள்வி. அவை ஒரு சாட்சியம். 1989 ஆகஸ்டில் அந்தப் படகில் இருந்த வீரர்களும் ஜெர்மானியர்களும் உண்மையாகவே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முப்பத்துமூன்று ஆண்டுகள் தாங்கவில்லை. தாங்கவில்லை என்பதால் அது நடக்கவில்லை என்று ஆகாது. இன்று மாஸ்க்வா என்ற பெயரைக் கேட்கும்போது கேட்பவருக்கு வலிக்கும் என்றால், அந்த வலியும் பாடலின் பொருளில் சேர வேண்டியதே. பெயரை எடுத்துவிட்டால் கேட்பவருக்கு வலி குறையும். எதை இழந்தோம் என்பதும் கூடவே மறைந்துவிடும். என் கருத்தில் மைனே மேடையில் மாற்றிப் பாடியது தவறில்லை. பாடகர் இன்றைய பார்வையாளர் முன் நிற்கிறார், அவருக்குப் பொறுப்பு உண்டு. படிப்பவர்களும் தொகுப்பவர்களும் 1990-ஆம் ஆண்டு வடிவத்தையே மூலமாகக் கொள்ள வேண்டும். மாற்றிய வடிவத்தை அதன் கீழே ஆண்டு குறித்து வைக்கலாம். இணையத்தில் சில இடங்களில் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடப்பதைப் பார்த்ததால் இதை எழுத வேண்டியதாயிற்று.

இரண்டையும் கேட்க விரும்புகிறவர்கள் முதலில் ‘கிரேஸி வேர்ல்ட்’ தொகுப்பில் உள்ள ஒலிப்பதிவைக் காணொளி இல்லாமல் கேளுங்கள். ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். சுவரின் படங்கள் கண்முன் இல்லாதபோது அந்த ஆற்றங்கரை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது தெரியும். பிறகு 2022-ஆம் ஆண்டு மேடைப் பதிவு. சொற்கள் தொடங்கும் வரை, விசில் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளுக்கு, இரண்டுக்கும் வேறுபாடு சொல்ல முடியாது.